சமுதாய வானொலி: டிரான்ஸ்மிட்டர் இடமாற்றமும் டிஜிட்டல் நிலவரமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கிய அண்ணா எஃப்.எம்.தான் இந்தியாவின் முதல் சமுதாய வானொலி. அதற்குப் பின் வந்த நிலையங்கள் பலவும் பத்து வயதைத் தாண்டிவிட்டன. இருந்த கட்டடம் இடிபடும், புது பிளாக் எழும், பக்கத்து மனையில் ஆறு மாடி வந்து ஆன்டெனாவை மறைக்கும். அப்போது இடமாற்றப் பேச்சு வருகிறது. "மாத்துறதுதான் மாத்துறோம், டிஜிட்டலாவே போயிடலாமே" என்ற பேச்சும் கூடவே வருகிறது. நிலையப் பொறுப்பாளர்கள், தன்னார்வலர்கள், நேயர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே தொகுத்திருக்கிறோம். கணக்கெல்லாம் 90.4 மெகாஹெர்ட்ஸ், 50 வாட் டிரான்ஸ்மிட்டர் என்று வைத்துப் போட்டது.

ஒரே கேம்பஸ்தான் சார். பழைய பில்டிங் மாடியில இருந்து புது பில்டிங் மாடிக்கு மாத்துறோம். இதுக்குமா பர்மிஷன்?

ஆமாம். வயர்லெஸ் இயக்க உரிமம் நிலையத்தின் பெயருக்கு மட்டும் தரப்படுவதில்லை. ஆன்டெனா நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், சக்தி எல்லாம் சேர்த்துத்தான் அனுமதி. இருநூறு மீட்டர் தள்ளினாலும் உரிமத்தைப் பொறுத்தவரை அது வேறு இடம்.

எங்கே வைக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பல்கலைக்கழகமும் கல்லூரியும் தம் முதன்மை வளாகத்துக்குள் மட்டுமே டிரான்ஸ்மிட்டரையும் ஆன்டெனாவையும் வைக்கலாம். தொண்டு நிறுவனமென்றால், விண்ணப்பத்தில் குறிப்பிட்ட சமுதாயம் வாழும் பகுதிக்குள் இருக்க வேண்டும். பக்கத்து ஊர் மலை உயரமாக இருக்கிறதே என்று அங்கே ஏற்ற முடியாது.

எந்த ஆபீஸ்ல முதல்ல போடணும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

மூன்று இடம். முதலில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். உங்கள் நிலையத்துக்கான 'கோபா' எனப்படும் அனுமதி ஒப்பந்தம் போட்டது அவர்கள்தான், ஆகவே இடமாற்றத்தை அவர்களிடம் தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும். அடுத்தது சாக்ஃபா எனப்படும் இட அனுமதி. இது தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில் போடுவது. மூன்றாவது, அலைவரிசைகளை ஒதுக்கும் மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவில் இயக்க உரிமத்தைப் புது இடத்துக்குத் திருத்தி வாங்குவது.

கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம், கட்டடம் டவரின் எடையையும் காற்றையும் தாங்கும் என்று கட்டுமானப் பொறியாளர் தரும் சான்று, இடத்தின் வரைபடம், கடல் மட்டத்திலிருந்து அந்தத் தரையின் உயரம் ஆகியவற்றை முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் அருகில் இருந்தால் விமான நிலைய ஆணையத்தின் உயர அனுமதியும் கேட்பார்கள். 107.8 போல மேல்கோடியில் இருக்கும் நிலையங்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை, ஏனென்றால் 108 மெகாஹெர்ட்ஸிலேயே விமான வழிகாட்டிக் கருவிகளின் பட்டை தொடங்கிவிடுகிறது.

இவையெல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும். டவருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு விண்ணப்பம் போடுவது தலைகீழ் வேலை.

கோ-ஆர்டினேட்ஸ் தப்புன்னு அப்ளிகேஷன் திரும்பி வந்துருச்சு. போன்ல காட்டுன நம்பரைத்தானே போட்டோம்?

போன் காட்டுவது தசம பாகை. படிவம் கேட்பது பாகை, கலை, விகலை (டிகிரி, மினிட், செகண்ட்). பாம்பன் பக்கம் ஓரிடத்தில் போன் 9.28 என்று காட்டினால் அது 9 பாகை 28 கலை ஆகாது. 0.28-ஐ 60 ஆல் பெருக்க வேண்டும், வருவது 16.8, அதாவது 16 கலை 48 விகலை. அப்படியே 28 என்று எழுதினால் பதினொரு கலைக்கு மேல் பிசகுகிறது. ஒரு கலை என்பது ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர், உங்கள் ஆன்டெனா காகிதத்தில் 20 கிலோமீட்டர் வடக்கே போய் நிற்கும்.

அளவை ஸ்டூடியோ வாசலில் நின்று எடுக்காமல் ஆன்டெனா வரப்போகும் இடத்தில் நின்று எடுங்கள்.

எவ்வளவு உயரம் வரைக்கும் போகலாம்? எங்க பில்டிங்கே 18 மீட்டர் இருக்கு.

தரையிலிருந்து அளந்து குறைந்தது 15 மீட்டர், அதிகபட்சம் 30 மீட்டர். கட்டடமும் இதில் அடக்கம். 18 மீட்டர் மாடி என்றால் மேலே 12 மீட்டர் கம்பம்தான் வைக்கலாம். ஆன்டெனாவின் உச்சி 30-க்குள் நிற்கும்படி வைத்துக்கொள்வது நல்லது. நடுப்பகுதியை அளந்து சொன்னோம் என்று பிறகு வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம்.

உயரத்துக்கு இவ்வளவு மெனக்கெடணுமா? பவரை ஏத்திட்டா போச்சு!

பவர் உங்கள் கையில் இல்லை. சமுதாய வானொலிக்குப் பயனுறு கதிர்வீச்சுச் சக்தி (ஆன்டெனாவின் பெருக்கமும் சேர்ந்து வெளியே போகும் சக்தி) 100 வாட்டுக்குள் இருக்க வேண்டும். நிலத்தின் அமைப்பு காரணமாகத் தேவை உண்டு என்று நிரூபித்தால் 250 வாட் வரை பரிசீலிப்பார்கள்.

இன்னொன்று, சக்தியை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல் (சக்தி எத்தனை மடங்கு கூடுகிறது, குறைகிறது என்பதற்கான அளவு). சமவெளியில் ஆன்டெனா உயரத்தை இரட்டித்தால் ஏறத்தாழ 6 டெசிபல். 15 மீட்டரிலிருந்து 30 மீட்டருக்குப் போவது சக்தியை நான்கு மடங்கு ஏற்றியதற்குச் சமம். அதுவும் கரண்ட் பில் கூடாமல். இடமாற்றத்தில் காசு செலவழிக்க வேண்டிய இடம் கம்பமும் கேபிளும்தான். புது டிரான்ஸ்மிட்டர் கடைசிக் கவலை.

பழைய கேபிளையே யூஸ் பண்ணலாமா?

நீளம் போதுமென்றாலும் வேண்டாம். பல நிலையங்களில் இருப்பது ஆர்.ஜி.-213. அது 100 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 முதல் 7 டெசிபல் விழுங்கும். அரை அங்குல ஃபோம் கேபிள் விழுங்குவது 2.2 டெசிபல் அளவுதான். 40 மீட்டர் ஓட்டத்துக்குக் கணக்குப் போட்டால் முன்னதில் 2.7, பின்னதில் 0.9. கனெக்டர்களுக்கு 0.2 சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்மிட்டரில் 50 வாட் விட்டால் ஆர்.ஜி.-213 வழியாக ஆன்டெனாவுக்குப் போய்ச்சேர்வது 26 வாட். ஃபோம் கேபிளில் 39. இரண்டு அடுக்கு டைபோல் (அலையை வெளியே விடும் உலோகக் குழாய்) அதை இரட்டிக்கும் (3 டெசிபல்): 52 வாட்டா, 78 வாட்டா என்பது கேபிளில் முடிவாகிறது. பழைய கேபிளை இறக்கும்போது வளைந்து நசுங்குவது வேறு. நுனியில் உறையை உரித்துப் பாருங்கள்; பின்னல் செம்பு பச்சை பூத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்ப் பல நாள் ஆகிவிட்டது.

அப்போ நாலு டைபோல் போட்டா இன்னும் நல்லது இல்லையா?

மேலே போட்ட கணக்கிலேயே பாருங்கள். 39 வாட், நான்கு மடங்கு, 156 வாட். வரம்பு 100. ஆகவே டிரான்ஸ்மிட்டரை 32 வாட்டுக்கு இறக்க வேண்டியிருக்கும். அது தப்பில்லை, கருவி சூடாகாமல் ஓடும், ஆயுள் கூடும்.

ஆனால் 90.4-இல் அலைநீளம் 3.3 மீட்டர். அடுக்குகளுக்கு நடுவே 3 மீட்டர் விட்டால் நான்கும் சேர்ந்து பத்தரை மீட்டர் நீளும். உச்சி 30-ஐத் தாண்டக்கூடாது என்பதால் மொத்த ஆன்டெனாவின் நடுப்புள்ளி 25 மீட்டருக்கு இறங்கிவிடும். இரண்டு அடுக்கென்றால் 28-க்குக் கிட்ட இருக்கும். காற்றுப் பளு கூடும், சக்தியை டைபோல்களுக்குப் பங்கிடும் பிரிப்பானில் கனெக்டர்கள் கூடும், ஒழுக்கு வரும் இடங்களும் கூடும். கடலோரத்தில் இரண்டு அடுக்கே போதும் என்பது எங்கள் கருத்து.

செல்போன் டவர் ஒண்ணு பக்கத்துலயே இருக்கு. அதோட சைடுல கட்டிக்கலாமா?

உரிமையாளர் சம்மதித்து, மேலே சொன்ன அனுமதிகளும் கிடைத்தால் கட்டலாம். ஆனால் இரும்பு டவரின் பக்கவாட்டில் கட்டிய டைபோல் எல்லாத் திசைக்கும் சமமாக ஒலிபரப்பாது. டவருக்குப் பின்பக்கம் நிழல் விழும். எந்தப் பக்கம் ஊர் அதிகமோ அந்தப் பக்கக் காலில் கட்டுங்கள். டவர் காலுக்கும் டைபோலுக்கும் நடுவே அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 80 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். எல்லாப் பக்கமும் ஊர் என்றால் தனிக் கம்பத்தின் உச்சிதான் வழி.

எந்த மாசத்துல மாத்தினா நல்லது? எத்தனை நாள் ஆஃப் ஆகும்?

ஜனவரி முதல் மார்ச் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை இடியோடு வரும், உள்மாவட்டங்களில் அதுதான் ஆபத்து. ஈரக் காற்றில் போட்ட கனெக்டருக்குள் ஈரம் நிரந்தரமாகக் குடியேறிவிடும்.

புது ஆன்டெனா, புது கேபிள் என்று முன்பே நிறுத்திவிட்டால் நிலையம் மௌனமாவது அரை நாள்தான். பழைய ஆன்டெனாவையே கழற்றி மாட்டுவதென்றால் இரண்டு மூன்று நாள் ஆகும். ஆனால் பழைய இடத்தைக் காலி செய்துவிட்டு அனுமதிக்காகக் காத்திருக்கும் நிலைமைக்கு வந்துவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஒலிபரப்பு நின்றால் அனுமதியை ரத்து செய்து அலைவரிசையை வேறு ஒருவருக்குத் தர விதியில் இடம் இருக்கிறது.

மாத்துற அன்னிக்கு என்ன வரிசையில வேலை செய்யணும்?

வேலை முந்தின வாரமே தொடங்குகிறது. பழைய இடத்தில் ஓடும்போது முன்னோக்குச் சக்தி, திரும்பும் சக்தி, எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம்) மூன்றையும் எழுதி வையுங்கள். பிறகு ஒரே ரேடியோவை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிப் பத்து இடங்களில் நின்று எப்படிக் கேட்கிறது என்று குறியுங்கள். இதைச் செய்யாத நிலையங்களில், மாற்றிய பிறகு "முன்னாடி நல்லா இருந்துச்சு", "இல்ல இப்பதான் நல்லா இருக்கு" என்ற சண்டை ஓயாது.

அன்றைக்கு முதலில் புது கேபிள், ஆன்டெனாவை அனலைசரில் அளந்து 90.4-இல் எஸ்.டபிள்யூ.ஆர். 1.5-க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். டிரான்ஸ்மிட்டரைக் கொண்டுவந்து வைத்ததும் ஆன்டெனாவில் மாட்டாமல் 50 ஓம், 100 வாட் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கி வெப்பமாக்கும் கருவி) மாட்டி ஓட்டிப் பாருங்கள். வண்டியில் வந்த குலுக்கலில் ஏதாவது கழன்றிருந்தால் இங்கே தெரிந்துவிடும். அதன்பின் ஆன்டெனாவில் மாட்டி 5 வாட், 10, 25 என்று படிப்படியாக ஏற்றுங்கள். முழுச் சக்தியில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு நிறுத்திவிட்டு, கைக்கெட்டும் கனெக்டர்களைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அது சரியாகப் போடப்படவில்லை. லோடு இல்லாமல் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்வது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

மழை பேஞ்சா டிரான்ஸ்மிட்டர் தானா பவரைக் குறைச்சிடுது. காஞ்சதும் சரியாயிடுது. டிரான்ஸ்மிட்டர் போச்சா?

பெரும்பாலும் இல்லை. அது தன்னைக் காத்துக்கொள்கிறது. எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 என்றால் 4 சதவீதம் சக்தி திரும்பி வருகிறது, 50 வாட்டில் 2 வாட். 2 ஆனால் 11 சதவீதம். அதற்கு மேல் போனால் கருவி சக்தியை இறக்கிவிடும். மழை பெய்யும்போதே டம்மி லோடில் மாட்டிப் பாருங்கள். அதில் முழுச் சக்தியும் நின்றால் கோளாறு மேலே இருக்கிறது.

வழக்கமான குற்றவாளி ஆன்டெனா முனையிலுள்ள என்-கனெக்டர். வெறும் கறுப்பு பி.வி.சி. டேப் சுற்றியிருப்பார்கள்; வெயிலில் ஒரு வருடத்தில் அது உரிந்துவிடும். அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் பி.வி.சி. டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். ஓடு வேய்ந்ததுபோல் மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடும், தண்ணீர் வழிந்துவிடும். கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விடுங்கள்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து "ஷார்ட் ஆயிருக்கு" என்று பதறுபவர்கள் உண்டு. எஃப்.எம். ஆன்டெனாக்கள் பலவும் நேர்மின்சாரத்துக்கு (டி.சி.) ஷார்ட்டாகத்தான் இருக்கும். அந்த மீட்டரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எர்த்துக்கு ஸ்டூடியோவுல இருக்கிற எர்த்தே போதாதா?

போதாது. டவருக்குத் தனியாகக் குழி வேண்டும். மண்தடை 5 ஓமுக்குள் இருக்கட்டும். ஆனால் பலர் பாதியில் விடுவது அடுத்த வேலையை: டவர் எர்த்தையும் ஸ்டூடியோ எர்த்தையும் செம்புப் பட்டையால் இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் இடி விழும் கணத்தில் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் உண்டாகும். அது சமமாவதற்குக் கிடைக்கும் ஒரே வழி உங்கள் கேபிளின் உறை. அதன் மறுமுனையில் டிரான்ஸ்மிட்டர் உட்கார்ந்திருக்கிறது. கேபிள் உறையை டவர் உச்சியிலும் அடியிலும் அறை நுழைவாயிலிலும் எர்த் செய்யுங்கள். இடிதாங்கி ஆன்டெனாவுக்கு மேலே நிற்க வேண்டும்.

டவர் மாத்தினதுல இருந்து எங்க தெருவுல இரைச்சலா கேக்குது. நாங்க என்ன பண்றது?

நேயர் செய்யக்கூடியது: போனில் கேட்பவர்கள் இயர்போன் வயரைச் சுருட்டாமல் தொங்கவிடுங்கள், அதுதான் ஆன்டெனா. ரேடியோ ஏரியலை நிமிர்த்தியும் சாய்த்தும் பாருங்கள். பழைய ஆன்டெனா படுக்கை வசத்தில் இருந்து புதியது செங்குத்தாக இருந்தால் பழைய நிலையில் வைத்த ஏரியலுக்குச் சத்தம் குறையும்.

நிலையம் செய்யக்கூடியது: ஸ்டீரியோவை அணைத்து மோனோவில் போடுவது. கிராமப்புறத்தில் ஸ்டீரியோவுக்கு 54, மோனோவுக்கு 48 டெசிபல் மைக்ரோவோல்ட் புலவலிமை தேவை என்பது பன்னாட்டு அளவுகோல். வித்தியாசம் 6 டெசிபல். உயரக் கேள்வியில் சொன்ன அதே நான்கு மடங்கு, இங்கே ஒரு பொத்தானில் கிடைக்கிறது. நாள் முழுக்கப் பேச்சும் வானிலையும் சந்தை விலையும் போடும் நிலையத்துக்கு ஸ்டீரியோ எதற்கு என்று எங்களுக்குப் புரிந்ததில்லை.

டவர் எங்க வீட்டுப் பக்கத்துல வந்துருச்சு. வேற ஸ்டேஷனே எடுக்க மாட்டேங்குது. உடம்புக்கும் கெடுதலா?

முதல் பிரச்சினை உண்மை. மலிவான ரேடியோக்கள் மிகப் பலமான அலையில் திணறிவிடும். ஏரியலை மடக்கி வைத்தால் பெரும்பாலும் தீரும்.

இரண்டாவதற்குக் கணக்கு இது: 100 வாட் கதிர்வீச்சு 15 மீட்டர் தூரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 0.06 வாட் அளவு. பொதுமக்களுக்கான பன்னாட்டு வரம்பு இந்த அலைவரிசையில் 2 வாட். 15 மீட்டர் என்ற குறைந்தபட்ச உயரம் விதியில் இருப்பதே இதற்காகத்தான். மாடியில் கம்பத்தருகே வேலை செய்பவர்கள் கதை வேறு: ஆன்டெனாவின் 3 மீட்டருக்குள் போவதானால் டிரான்ஸ்மிட்டரை நிறுத்திவிட்டுத்தான்.

கார்ல எங்க ஸ்டேஷன் பேரு எழுத்துல வருது. அப்போ நாம ஏற்கெனவே டிஜிட்டலா?

இல்லை. அது ஆர்.டி.எஸ். வழக்கமான எஃப்.எம். அலையின் ஓரத்தில், 57 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் நொடிக்கு 1187.5 பிட் வேகத்தில் சவாரி செய்யும் சிறு தரவு. பெயருக்கு எட்டு எழுத்துதான் இடம். ஒலி பழைய அனலாக்கேதான்.

ஆகாசவாணி டிஜிட்டல் ஆயிடுச்சாமே. நாம மட்டும் ஏன் ஆகல?

ஆகாசவாணி டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் ஒலிபரப்பு முறையை எடுத்துக்கொண்டது முதன்மையாக மத்திய அலையில் (மீடியம் வேவ்). சென்னை உட்பட 35 மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்கள் அப்படி மாற்றப்பட்டன. எஃப்.எம். பட்டைக்கு நிலைமை அதுவல்ல. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 செப்டம்பரில் கலந்தாய்வுத் தாள் வெளியிட்டு, 2025 அக்டோபரில் பரிந்துரைகளைத் தந்தது. நாடு முழுவதற்கும் ஒரே தொழில்நுட்பம், அனலாக்கும் டிஜிட்டலும் ஒரே அலைவரிசையில் சேர்ந்து, முதலில் சென்னை போன்ற பெருநகரங்களில் என்பது அதன் சாரம். அவை தனியார் வணிக வானொலிக்கானவை. பரிந்துரை என்பது ஆணையும் அல்ல.

டிஜிட்டலில் முந்திப்போன நார்வேயைப் பாருங்கள். 2017-இல் தேசிய நிலையங்கள் எஃப்.எம்.மை விட்டு டி.ஏ.பி. என்ற டிஜிட்டல் முறைக்குப் போயின. உள்ளூர்ச் சிறு நிலையங்கள் பெரும்பாலும் எஃப்.எம்.மிலேயே இருந்தன.

எங்க 50 வாட் டிரான்ஸ்மிட்டர்ல ஒரு பெட்டியை மாட்டினா டிஜிட்டல் ஆயிடும்னு ஒருத்தர் கொட்டேஷன் கொடுத்திருக்காரு. வாங்கலாமா?

வேண்டாம். உரிமத்தில் இல்லாத ஒலிபரப்பு முறையை நீங்களாகத் தொடங்க முடியாது என்பது முதல் காரணம். கருவியும் ஒத்துவராது. எஃப்.எம். அலையின் வீச்சு மாறுவதில்லை, அதனால் சிறு டிரான்ஸ்மிட்டர்களில் நேர்கோட்டுத்தன்மை இல்லாத, சிக்கனமான பெருக்கியை வைத்திருப்பார்கள். டிஜிட்டல் அலையில் உச்சம் சராசரியைப்போல் பத்து மடங்கு வரை எகிறும். அந்தப் பெருக்கியில் விட்டால் உச்சிகள் நசுங்கி, அலை பக்கத்து நிலையங்கள்மேல் சிதறும். டிஜிட்டலுக்கு, அலையை உருவாக்கும் எக்ஸைட்டரும் அதைப் பெருக்கும் பெருக்கியும் இரண்டுமே புதிதாக வேண்டும்.

போதாததற்கு, நேயர் கையிலும் கருவி இல்லை. 2023-இல் மத்திய அரசு போன் தயாரிப்பாளர்களுக்குச் சொன்னதே, இருக்கிற எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்பதுதான்.

அப்போ புது இடத்துல டிஜிட்டலுக்காக இப்பவே எதையும் செஞ்சு வைக்க வேண்டாமா?

மூன்று செய்யலாம், மூன்றும் எஃப்.எம்.முக்கும் உதவும். 88 முதல் 108 வரை முழுப் பட்டைக்குமான ஆன்டெனா வாங்குங்கள். ஒரே அலைவரிசைக்குச் சுருதி சேர்த்தது வேண்டாம், நாளை அலைவரிசை மாறினாலும் உதவும். கேபிள் அரை அங்குல ஃபோமாக இருக்கட்டும். டிரான்ஸ்மிட்டர் ரேக்கில் இரண்டடி உயரம் காலியாக விட்டு, ஒரு கே.வி.ஏ. ஆன்லைன் யு.பி.எஸ். போட்டு வையுங்கள்.

இவ்வளவு பாடு எதுக்கு? டவரே வேண்டாம், இன்டர்நெட்ல விட்டுடலாமே?

கூடுதலாக விடுங்கள், மாற்றாக வேண்டாம். 64 கிலோபிட் இணைய ஓடை (ஸ்ட்ரீம்) மணிக்கு 29 எம்.பி. தின்னும், தினம் நான்கு மணி நேரம் கேட்பவருக்கு மாதம் மூன்றரை ஜி.பி. புயல் நாளில் செல் டவர்களின் பேட்டரி இறங்கிய பிறகும், ஒரு சிறு ஜெனரேட்டர் இருந்தால் உங்கள் 50 வாட் ஓடும். அதோடு இணைய ஓடை அரை நிமிடம் வரை பின்தங்கும். நேயர் போனில் வரும் நேரலை நிகழ்ச்சிகளில், வீட்டு ரேடியோவில் எஃப்.எம்.மும் பக்கத்து அறை போனில் ஓடையும் ஒன்றாகக் கேட்டால் பேச்சே குழம்பிவிடும். அழைப்பவரிடம் இரண்டையும் அணைக்கச் சொல்லிவிட்டு இணைப்புக் கொடுங்கள்.